அஷ்டமியன்று ஆம்புலன்ஸில் படுத்தவன்

உருப்படியாக எந்த வேலைக்கும் லாயக்கில்லாத ஆளைக்கூடக் கல்கத்தாவின் பூஜைக் கமிட்டி சும்மா விடாது. குரல் இருப்பவனுக்கு மைக், உடம்பில் தெம்பு இருப்பவனுக்கு மூங்கில், வாய் இருப்பவனுக்குக் கூட்டத்தை ஒழுங்குபடுத்தும் விசில். மூக்குக்கண்ணாடியும் ஒரு சர்க்கார் குமாஸ்தா உத்தியோகமும் தவிர வேறெதுவும் இல்லாத எனக்கு, அந்த வருஷம் கிடைத்தது அசையாமல் படுத்துக் கிடக்கும் வேலை. (அதையும் சொதப்பினேன்.)

அப்பாவுக்குக் கார்டன் ரீச் ரயில்வே ஆபீசில் வேலை. திருநெல்வேலியிலிருந்து மாற்றலாகி வந்தவர், பவானிபூர் சந்து ஒன்றில் மாடி வீடு பிடித்தார். கீழ்வீட்டில் தீபேன்தாவும் அவர் மனைவி மாலா பௌதியும். வங்காளத்தில் அண்ணனுக்கு ‘தாதா’, பெயரோடு சேர்த்தால் ‘தா’; அண்ணிக்கு ‘பௌதி’. அவருக்கு என் அப்பா வயது என்றாலும், சந்து முழுவதற்கும் அவர் அண்ணன்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு மழைநாளில் தீபேன்தாவின் தம்பிக்கு மூச்சிரைப்பு வந்தது. தெருவில் இடுப்பளவு தண்ணீர். எந்த டாக்ஸியும் வரவில்லை. கை ரிக்ஷாவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே தம்பி இறந்துபோனார். காரியம் முடிந்த கையோடு தீபேன்தா எங்கள் சந்து கிளப்புக்கு வந்து, நமக்கென்று ஒரு வண்டி வேண்டும் என்றார். வீடு வீடாக ஏறி இறங்கி, ஒரு பேக்கரி தள்ளிவிட்ட பழைய வேனைப் பிடித்து, வெள்ளையடித்து ஆம்புலன்ஸ் ஆக்கினார். யாருக்கும் சம்பளம் கிடையாது. ஆபீஸ் போகிறவர்களும் கடை வைத்திருப்பவர்களும் முறை போட்டு ஓட்டினார்கள். மழைக்காலத்தில் வேன் போக முடியாத இடங்களில் கர்ப்பிணிகளைக் கட்டிலோடு தோளில் தூக்கி வந்திருக்கிறார்கள். என் அம்மாவைப் பித்தப்பைக் கல்லுக்கு அதில்தான் கொண்டுபோனோம். “வலியில உசுரு போச்சு, ஆனா உள்ள ரொட்டி வாசனையில பசிச்சிட்டுல்லா” என்று அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஊரெங்கும் ‘தீம்’ பூஜை பிடித்துக்கொண்டது. பந்தல் போட்டு துர்க்கையை வைத்தால் மட்டும் போதாது, ஏதாவது ஒரு கருத்தைச் சொல்லியாக வேண்டும். பக்கத்துக் கிளப் தேங்காய்நாரில் கோயில் கட்டியது. எங்கள் கிளப் மூளையைக் கசக்கி, நம் ஆம்புலன்ஸின் வரலாறுதான் தீம் என்று முடிவு செய்தது. பந்தலுக்குள் சந்தின் பழைய வெள்ளம், கட்டில் தூக்கும் களிமண் பொம்மைகள், கடைசியில் அம்மனுக்கு எதிரே மரமேடையில் நிஜ ஆம்புலன்ஸ். வண்டியை மேடையில் ஏற்றிவிட்டு, அதைச் சுற்றி மூங்கில் கட்டினார்கள். பிறகு கூரை, துணி, விளக்கு.

“பூஜை நாள்ல வண்டி இல்லாம எப்படி?” என்று தீபேன்தா மட்டும் கேட்டார்.

“பக்கத்துக் கிளப் வண்டி இருக்கு தாதா. சொல்லி வெச்சிருக்கோம்” என்றார் செக்ரட்டரி.

சொந்த வண்டிக்கு மாலை போட்டு வைத்திருப்பதைப் பார்த்ததும் தீபேன்தாவும் சமாதானமாகிவிட்டார்.

வண்டிக்குள் நோயாளி வேண்டுமே. களிமண் நோயாளி ஸ்ட்ரெச்சரில் பொருந்தவில்லை. ஒல்லியாக, நீளமாக, வேறு வேலை இல்லாமல் நின்ற என்மீது எல்லார் கண்ணும் விழுந்தது. தலை முதல் முழங்கால் வரை கட்டுப் போட்டு, பெண்கள் காலில் பூசும் ஆல்தாச் சிவப்பைத் தாராளமாக ஊற்றினார்கள். பார்க்க வந்த அம்மா, “ஏல, நல்ல நாளும் அதுவுமா இப்படிக் கட்டுப் போட்டுட்டுக் கெடக்கணுமால?” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கோ பெருமை தாங்கவில்லை. கூட்டம் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் லேசாக முனகினேன். (முனகச் சொல்லி யாரும் கேட்கவில்லை.)

அஷ்டமி மத்தியானம். தீபேன்தா வண்டியருகே நின்று மைக்கில் வரலாறு சொல்லிக்கொண்டிருந்தார். தம்பி கதைக்கு வந்தவர் பாதியில் நிறுத்தினார். தம்பி நினைப்பு வந்துவிட்டது போல என்று நினைத்தேன். மைக்கைக் கீழே வைத்துவிட்டு வண்டிப் படியில் உட்கார்ந்தார்.

“ஷுந்தர், கொஞ்சம் எழுந்திரு. எனக்குப் படுக்கணும்.”

சுந்தர் என்கிற நான் உதட்டை அசைக்காமல் சொன்ன பதிலை இன்று நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. “கூட்டம் பாக்குது தாதா. நான் எழுந்தா தீம் கெட்டுடும்.”

அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். சட்டை முழுக்க வியர்வை. கை நெஞ்சில் இருந்தது. துள்ளி எழுந்தேன். ரத்தக்களரியாகக் கிடந்தவன் எழுந்து உட்கார்ந்ததும் முன்வரிசைக் குழந்தை வீறிட்டது, பெரியவர்கள் கைதட்டினார்கள்.

மேடைமேல் இருந்த வண்டி எந்தப் பக்கமும் நகராது. பக்கத்துக் கிளப் வண்டியோ பிரசவக் கேஸ் ஒன்றோடு பாலிகஞ்ச் பக்கம் கூட்டத்தில் மாட்டிக்கொண்டிருந்தது. தீபேன்தாவை ஸ்ட்ரெச்சரில் கிடத்தி, முன்னால் நானும் பின்னால் செக்ரட்டரியும் தூக்கினோம். கூட்டம் வழிவிடவில்லை, இன்னும் நெருங்கி வந்து பார்த்தது. “விடுங்க, நெஜமாவே நெஞ்சுவலி” என்று கத்தினேன். கத்தக் கத்தக் கைதட்டல் கூடியது. ஒரு பெரியவர் தன் மனைவியிடம், “படுத்திருக்கிறவர் நல்லா பண்றார். கட்டுப் போட்ட பையன்தான் கொஞ்சம் ஓவர்” என்றார்.

எப்படியோ பெரிய ரோட்டுக்கு வந்தோம். மஞ்சள் டாக்ஸி ஒன்று என் கோலத்தைப் பார்த்துத் தானாகவே நின்றது. ஸ்ட்ரெச்சர் உள்ளே போகாததால் அவரைப் பின்சீட்டில் சாய்த்து உட்காரவைத்தோம். பந்தலிலிருந்து கூடவே ஓடிவந்த பௌதி அவர் தலையைத் தோளில் தாங்கிக்கொண்டாள். நான் முன்னால் ஏறினேன்.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கி, “அவசரம், ஆளைத் தூக்குங்க” என்றேன். தூக்கினார்கள், என்னை. கண்மூடித் திறப்பதற்குள் தள்ளுவண்டியில் மல்லாந்து கிடந்தேன். நான் இல்லை, டாக்ஸியில் இருப்பவர் என்று வங்காள மொழியில் சொன்னேன், இந்தியில் சொன்னேன். பதற்றத்தில் தமிழும் வந்துவிட்டது.

“தலையில பலமான அடி. உளறுறான், கெட்டியாப் பிடி” என்றார் தள்ளியவர்.

நான் திமிர, அவர்கள் அமுக்க, பௌதி டாக்ஸிக் கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்து தள்ளுவண்டியைப் பிடித்து நிறுத்தினாள். “இவனுக்கு ஒண்ணுமில்ல, இது ஆல்தா. என் வீட்டுக்காரரைப் பாருங்க” என்று அழுதாள். எல்லாரும் டாக்ஸி பக்கம் திரும்பினார்கள். அங்கே தீபேன்தா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். வலியோடு, கண்ணில் நீர் வர, தோள் குலுங்கச் சிரித்தார்.

“அவனையே முதல்ல பாருங்க” என்றார். “பாவம், சஷ்டியிலேர்ந்து ரத்தம் போயிட்டிருக்கு.”

அவர் பேசி நான் கேட்டது அதுதான் கடைசி.

தசமியன்று காலை அவர் போய்விட்டார். வாசலில் நான் வீணடித்த நேரத்தால்தானா என்று டாக்டரிடம் கேட்டேன். இல்லை, இதயம் முன்பே மோசமாகக் கெட்டிருந்தது என்றார். அவர் சொன்னதை நம்பத்தான் இத்தனை வருஷமாக முயன்றுகொண்டிருக்கிறேன். சில நாள் முடிகிறது.

செய்தி வந்ததும் பையன்கள் யாரையும் கேட்காமல் மூங்கில் கட்டுகளை அறுத்தார்கள். அம்மன் இன்னும் பந்தலில் இருக்க, அவளுக்கு எதிரிலேயே மேடையை உடைத்து வண்டியை இறக்கினார்கள். மாலையைக் கழற்றிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப்போய், அவரை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஊரையே ஏற்றிப்போன அந்த வண்டியில் அவர் படுத்து வந்தது அந்த ஒருமுறைதான். தசமி என்றால் சுமங்கலிகள் அம்மனுக்கும் ஒருவருக்கொருவரும் குங்குமம் பூசிச் சிரித்து விளையாடும் நாள். எங்கள் சந்தில் அந்த வருஷம் யாரும் குங்குமத் தட்டை எடுக்கவில்லை.

இப்போது எங்கள் பூஜையில் தீம் கிடையாது. பந்தலைச் சுருக்கிவிட்டோம். ஆம்புலன்ஸ் சந்து முனையில் ரோட்டைப் பார்த்து நிற்கும். சாவி வண்டியிலேயே இருக்கும், பக்கத்தில் ஒரு ஆள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பான்.

ஞாயிற்றுக்கிழமை நான் படுக்கையை விட்டு எழாவிட்டால் என் மகள், “அம்மா, அப்பாவை எழுப்பாதே, தீம் கெட்டுடும்” என்பாள். கீழ்வீட்டுப் பேரப்பிள்ளைகளும் அதையேதான் சொல்கிறார்கள். அவர்களுக்கு இந்தக் கதையைச் சொன்னதே மாலா பௌதிதான். ஒவ்வொரு அஷ்டமிக்கும் எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டு, குழந்தைகளைச் சுற்றி உட்காரவைத்து, என் முனகலிலிருந்து ஆரம்பிப்பாள். தள்ளுவண்டிக் கட்டம் வந்ததும் வீடு அதிரும். பௌதிக்கும் சிரிப்பை அடக்க முடியாது. தீபேன்தா டாக்ஸியில் குலுங்கிச் சிரித்ததை அவரைப் போலவே செய்து காட்டுவாள்.

அதோடு நிறுத்திவிடுவாள். ஒருமுறைகூட அதைத் தாண்டிப் போனதில்லை.

போன அஷ்டமிக்குக் கடைக்குட்டிப் பேரன் விடவில்லை. “அப்புறம் தாத்தா என்ன பண்ணார்?” என்று கேட்டான்.

“சிரிச்சிட்டே இருந்தார்” என்றாள் பௌதி. பிறகு என் இலையைப் பார்த்து, “ஷுந்தர், கிச்சுடி ஆறுது, சாப்பிடு” என்றாள்.