பறவை பார்க்க விடுமுறை எடுத்தவர்

பல் மருத்துவர் ஒரு வார விடுமுறையை அறிவித்தபோதே அதற்கான சட்டத்தையும் சேர்த்து அறிவித்துவிட்டார். ஜன்னலோரம் நாற்காலி போட்டு, தோட்டத்துக்கு வரும் பறவைகளைப் பார்ப்பார், துடைப்பத்தைத் தொடமாட்டார், ஒட்டடைக் கோலை ஏறெடுத்தும் பாரார். ஆண்டு முழுவதும் பிறரை வாய் திறக்கச் சொல்லியே பிழைத்தவர், சொந்த வீட்டில் வாய் திறந்தது அன்றுதான். ஆகவே குரல் சற்று நடுங்கியது.

“தாராளமா பாருங்க,” என்றாள் மனைவி. “பாவம், கடைவாய்ப் பல்லையே பார்த்துச் சலிச்ச கண்ணு.”

இத்தனை எளிதில் வெற்றி கிடைத்தால் மனிதனுக்குச் சந்தேகம் வரவேண்டும். அவருக்குப் பசிதான் வந்தது.

மறுநாள் காலை கொண்டைக்குருவிகள் கூட்டமாக இறங்கின. தோட்டத்து மரத்தில் கறுத்துப் பழுத்திருந்த பழங்களைக் கொத்தித் தின்றன. பிறகு, அவள் மண்தொட்டியில் வைத்த தண்ணீரில் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு குளித்தன. மருத்துவருக்கோ, கூடத்து ஜன்னல் கண்ணாடியின் அழுக்குக்கு அப்பால் சில கறைகள் துள்ளுவதுதான் தெரிந்தது.

“அடடா, வாலுக்கு அடியில என்ன சிவப்பு,” என்றாள் அவள், சமையலறையிலிருந்து.

“எனக்கு வாலே தெரியலையே.”

“கண்ணாடியைத் துடைச்சாத் தெரியும். என் ஜன்னலை நான் துடைச்சுட்டேன். நீங்கதான் எதையும் தொடமாட்டீங்களே.”

“துடைப்பத்தைத்தான் தொடமாட்டேன்னேன். துணியைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல.”

பல்லிடுக்கில் கறை எடுக்கும் அதே நுட்பத்தோடு ஒவ்வொரு மூலையாகத் துடைத்தார். பறவைகள் பளிச்சென்று வந்து நின்றன. மருத்துவர் கைகொட்டிச் சிரித்தார்.

அடுத்த நாள் தொட்டியைக் காணோம்.

“பூனை நடமாட்டம்ங்க. படுக்கையறைப் பக்கம் மாத்திட்டேன், ஒரு பழக்கொத்தோட.”

“அந்த ஜன்னலை மறைச்சுப் பழைய பேப்பர் மலை மாதிரி கிடக்கே.”

“அதான் எனக்கும் வருத்தம். நமக்குக் குடுத்து வைக்கல.”

மலை பெயர்ந்தது. பிறகு வெயில் என்று சொல்லி, அவள் தொட்டியை மாடி நிழலுக்கு ஏற்றினாள். படியெல்லாம் உடைந்த சாமான்கள் வழிமறித்தன, அவையும் ஒழிந்தன. மாடியில் ஒரு குருவி, பாதி தின்ற பழத்தை மருத்துவரின் வழுக்கையில் போட்டுவிட்டுப் பறந்தது. அந்தக் கறையை அவர் விருதுபோல் கீழே கொண்டுவந்து மனைவியிடம் காட்டினார். அன்று மாலைவரை தலையைக் கழுவவில்லை.

விடுமுறை முடியும் தறுவாயில், வாளியும் கையுமாகக் கூடத்தைக் கடந்தபோது, அவள் தன் அக்காவிடம் தொலைபேசியில் பேசியது காதில் விழுந்தது.

“திட்டவே வேணாம்க்கா. மாமாவுக்கும் ஒரு தண்ணித் தொட்டி வாங்கு. எந்த இடம் சுத்தமாகணுமோ அந்தப் பக்கமா நகர்த்திட்டே போ. அவ்வளவுதான்.”

மருத்துவர் வாளியைக் கீழே வைத்தார். தண்ணீர் தளும்பித் தரையை நனைத்தது. அதையும் பழக்கதோஷத்தில் துடைத்துவிட்டுத்தான் கோபப்பட்டார்.

“இனிமே தொட்டியை நான்தான் வைப்பேன். எங்கேன்னு நான்தான் முடிவு பண்ணுவேன். இந்த வீட்டுல ஒரு ஜன்னல் பக்கம்கூட அது வராது.”

“சரிங்க,” என்றாள் அவள், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு. “உங்க இஷ்டம்.”

மானம் மீண்டது. தொட்டியை மார்போடு அணைத்துத் தூக்கிப்போய், வீட்டுக்கும் அவள் சூழ்ச்சிக்கும் எட்டாத கொல்லைக்கோடியில் வைத்தார். துடைக்கக் கண்ணாடி இல்லை, பெருக்கத் தரை இல்லை. மறுநாள் விடிந்ததும் பின்வாசலுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு, காலை நீட்டி உட்கார்ந்தார். கொல்லைக்கோடியில் ஒரே கீச்சொலி, சிறகடிப்பு, தண்ணீர் தெறிக்கும் சத்தம். பறவை மட்டும் ஒன்றுகூடத் தெரியவில்லை. நடுவே, நேற்றைய கோபத்தில் அவர் கவனிக்காமல் கடந்த புல் இடுப்பளவுக்கு மண்டிக் கிடந்தது.

மருத்துவர் பல்லைக் கடித்துக்கொண்டார். பிறகு எழுந்து, பின்வாசல் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

“புல்லறுக்கிற அரிவாள் எங்க இருக்கு?”

“பின்வாசப் படியிலதாங்க இருக்கு,” என்றாள் அவள் உள்ளிருந்து. “முந்தாநாளே சாணை பிடிச்சு வெச்சுட்டேன்.”