மவுசோலஸ் ராஜாவின் வாசற்படி

ஊருக்கு ஊர் ஒரு பிராணி உண்டு. பார்வைக்கு நம்மைப் போலவே இருக்கும்; சட்டை போடும், சந்தைக்குப் போகும், பேரம் பேசும். ஆனால் அதன் வீட்டில் ஏதோ ஒரு பழைய சாமான் கிடக்கும். அந்தச் சாமானைப் பற்றிப் பேசாமல் அதற்குச் சோறு இறங்காது. இந்தப் பிராணிக்குப் பழம்பெருமைக்காரர் என்று பெயர்.

துருக்கிக் கடற்கரையில் இருக்கும் எங்கள் போத்ருமில் இந்த இனம் கொஞ்சம் அதிகம். ஊரைக் குறை சொல்லிப் பயனில்லை. மவுசோலஸ் என்ற ராஜாவுக்கு இங்கேதான் மலை மாதிரி ஒரு கல்லறை எழுப்பினார்கள். உலக அதிசயம் ஏழில் ஒன்று என்று ஊரெல்லாம் கொண்டாடினார்கள். பூகம்பம் வந்து அதைச் சாய்த்தது. சாய்ந்த கல்லைக் கோட்டை கட்ட ஒரு கூட்டம் கடற்கரைக்கு இழுத்துப் போனது. மிஞ்சிய சிலைகளை இங்கிலாந்துக்காரன் கப்பலேற்றினான். இப்போது அங்கே இருப்பது ஒரு பள்ளம். பார்க்க வருகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு ஐஸ்கிரீம் வாங்கப் போய்விடுகிறார்கள். அவ்வளவு பெரிய கட்டடத்தின் மிச்சக் கல் எங்கே போயிருக்கும்? எங்கள் வீட்டுக்குத்தான் என்கிறது பாதி ஊர்.

அந்தப் பாதி ஊருக்குத் தலைவர் என்று வெஹ்பியைச் சொல்லலாம். துறைமுகத்தருகே படகுக்குக் கயிறும் பெயிண்டும் விற்பவர். பள்ளத்துக்கு அடுத்த தெருவில் வீடு. வாசலில் படியாக ஒரு கல். அது ராஜா கல்லறையின் கல் என்பது அவர் கட்சி. அதன்மேல் யாரும் கால் வைக்கக் கூடாது. கால்வலிக்காரர்கள்கூடத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டியவர் மூச்சு வாங்குவதற்குள் அந்தக் கல்லின் வரலாறு தொடங்கிவிடும். அது முடிந்தால்தான் தேநீர்.

"ஏழு அதிசயம்னு சொல்றாங்களே, இன்னிக்கு என்ன மிச்சம்? தோட்டம் தொங்கிச்சாம், எங்க தொங்குது? தெற்கே தீவுல வெண்கல ஆள் நின்னானாம், படுத்துட்டான். அலெக்சாந்திரியாவுல கலங்கரை விளக்கம் கடலுக்குள்ள போயிடுச்சு. எகிப்துக்காரன்கிட்ட பிரமிடு இருக்கு, ஒத்துக்கறேன். அடுத்தது யாருகிட்ட இருக்கு?"

கேட்டவர் படியைப் பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் இவர் பார்த்துக் காட்டுவார்.

அவர் மனைவி முஜெய்யன் இதையெல்லாம் காதில் போட்டுக்கொள்வதில்லை. ஒரே ஒரு தடவை, அந்த ராஜா செத்ததும் ராணி அவன் சாம்பலைக் கலக்கிக் குடித்தாளாம் என்று வெஹ்பி உருகியபோது மட்டும் சொன்னாள்: "அவ புருசன் செத்த பெறகு குடிச்சா. நான் உயிரோட இருக்கற புருசனையே கல்யாணம் ஆன நாள்லேருந்து குடிச்சிக்கிட்டிருக்கேன்."

ஊரே இப்படிச் சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் மகன் ஒக்தாய்க்குப் பெண் அமைந்தது. நல்ல பெண், நல்ல குடும்பம். பெண்ணின் தாயார் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: தனி மாடி வேண்டும், இல்லையென்றால் கல்யாணம் இல்லை. மாடி கட்டலாம் என்று போனால், கல்லறைக்குப் பக்கத்துத் தெரு என்பதால் அருங்காட்சியகத்திலிருந்து ஆள் வந்து பார்த்த பிறகுதான் அனுமதி என்றார்கள். பழங்காலத்துச் சாமான் ஏதாவது தென்பட்டால் அவ்வளவுதான். ஒரு செங்கல் வைக்க முடியாது.

வீட்டில் எல்லோரும் ஒரே சமயத்தில் வாசற்படியைப் பார்த்தார்கள்.

"யாராவது கேட்டா என்ன சொல்வீங்க?" என்றாள் முஜெய்யன்.

"கல்லுன்னு சொல்வேன்."

"என்ன கல்லு?"

"வெறும் கல்லு" என்று அவர் சொன்னபோது விளக்கெண்ணெய் குடித்த முகம்.

"இன்னொரு தடவை சொல்லுங்க. முகத்தை மாத்திச் சொல்லுங்க."

ஒரு வாரம் பயிற்சி நடந்தது. வாரக் கடைசியில் அவரால் "வெறும் கல்லு" என்று கண்ணீர் வராமல் சொல்ல முடிந்தது.

அருங்காட்சியகத்திலிருந்து வந்தவர் நெர்மின் என்ற பெண். களைத்த முகம், தூசி படிந்த காலணி. அவர் வருவதைக் கேள்விப்பட்டு, பக்கத்து வீட்டு நாவிதர் சுக்ரு மதில்மேல் தாடையை வைத்துக்கொண்டு நின்றுவிட்டார். சுக்ருவும் அதே இனம்தான். அவர் வீட்டுக் கிணற்றின் விளிம்புக்கல் ராஜா கல்லறையிலிருந்து வந்தது என்பார். இருவரும் ஒருவர் கல்லை ஒருவர் ஒத்துக்கொண்டதே இல்லை.

"இந்தப் படி எங்கேருந்து வந்தது?" என்றார் நெர்மின்.

"வெறும் கல்லு மேடம்" என்றார் வெஹ்பி. முஜெய்யனும் ஒக்தாயும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள்.

நெர்மின் குந்தி உட்கார்ந்தார். விரலால் தடவினார். சாவியால் ஓரத்தைச் சுரண்டினார். எழுந்து கையைத் தட்டிக்கொண்டார்.

"கல்லுகூட இல்லைங்க. சிமெண்ட். துறைமுகத்துச் சுவருக்கு வார்த்தது மாதிரி இருக்கு. உங்க அப்பா காலத்துது. நீங்க தாராளமா மாடி கட்டலாம்."

முஜெய்யன் இரண்டு கையையும் ஏந்தி அல்லாவுக்கு நன்றி சொன்னாள். மதில்மேல் சுக்ருவின் மீசை ஆடியது. வெஹ்பி மட்டும் நின்ற இடத்தில் நின்றார். பெற்ற பிள்ளையை யாரோ உனதில்லை என்று சொன்னது மாதிரி இருந்தது அவருக்கு.

"மேடம், கொஞ்சம் நல்லாப் பாருங்க."

"பாத்துட்டேன்."

"இந்த ஓரத்துல வளைஞ்சு போகுது பாருங்க. சிங்கத்தோட வாலு."

"மண்வெட்டி பட்ட தழும்புங்க அது."

"அப்பா, வேணாம்ப்பா" என்றான் ஒக்தாய்.

"நீ சும்மா இருடா. வெளியூர்லேருந்து வந்தவங்களுக்கு நம்ம கல்லோட அருமை என்ன தெரியும்? எங்கப்பா இதை முதுகுல தூக்கிட்டு வந்தாரு மேடம். எங்கேருந்துன்னு நினைக்கறீங்க?"

நெர்மின் பொறுமைசாலி. "ஐயா, இது கல்லறைக் கல்லுன்னு நீங்க சொன்னா நான் அப்படியே மேலே தெரிவிக்கணும். அவங்க ஆராய்வாங்க. அதுவரைக்கும் வேலை நிக்கும். வருசக்கணக்காகலாம். சொல்லுங்க, என்னன்னு தெரிவிக்கட்டும்?"

வெஹ்பி மகனைப் பார்த்தார். ஒக்தாய் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கெஞ்சவில்லை, கோபிக்கவும் இல்லை. அப்பா எதைத் தேர்ந்தெடுப்பார் என்று தெரிந்தவன் மாதிரி, மனதுக்குள் பெண் வீட்டாருக்குச் சொல்ல வேண்டிய பதிலைத் தயார் செய்கிறவன் மாதிரி நின்றான். அந்த நிற்பு வெஹ்பியை எங்கேயோ குத்தியது.

"சிமெண்டுதான்" என்றார்.

"என்னது, கேக்கலை" என்றது மதில்.

"சிமெண்டுன்னேன்டா சுக்ரு. காது அடைச்சுப் போச்சா?"

இவ்வளவையும் சொல்லிவிட்டு, ஒரு தகப்பன் பெருமையை விழுங்கிப் பிள்ளையைக் கரையேற்றினான் என்று இங்கேயே முடித்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். ஆனால் நான் பேசுவது பழம்பெருமைக்காரரைப் பற்றி. அவருக்குக் காய்ச்சல் வரும்; சாவு வராது.

மாடிக்கு ஜல்லி வந்து இறங்குவதற்குள், தேநீர்க்கடையில் வெஹ்பி குரலைத் தாழ்த்திச் சொல்லிக்கொண்டிருந்தார்: "படிச்ச பொண்ணுதான். ஆனா நான் சிமெண்டுன்னு சொன்னதும் நம்பிடுச்சு பாவம். மகனுக்காக ஒரு நாடகம் போட வேண்டியதாப்போச்சு. வெளிய சொல்லிடாதீங்க." வெளியே சொல்லாதீர்கள் என்றால் போத்ருமில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். சாயங்காலத்துக்குள் படிக்கு முன்னைவிட மரியாதை கூடிவிட்டது. சிலர் சும்மாவே வந்து தாண்டிவிட்டுப் போனார்கள்.

சுக்ருவால் இதைப் பொறுக்க முடியவில்லை. பொய்க் கல்லுக்கே இந்த வாழ்வென்றால், தன் கல்லை யார் மதிக்கிறார்கள்? சவரம் பாதியில் நின்றவரைக் கடையில் உட்கார வைத்துவிட்டு, நேராக அருங்காட்சியகத்துக்குப் போய் நெர்மினை அழைத்து வந்தார். கிணற்று விளிம்பை நெர்மின் சாவியால் சுரண்டவே இல்லை. குனிந்தவர் நிமிரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தன் அலுவலகத்துக்குப் போன் செய்தார்.

அசல். பளிங்கு. தூணின் அடிப்பாகம்.

ஒரு வாரத்தில் சுக்ருவின் முற்றத்தைச் சுற்றிக் கயிறு கட்டிவிட்டார்கள். கோழிக்கூடு வெளியேறியது. கிணற்றில் நீர் இறைக்கக் கூடாது. அவர் ஆசைப்பட்டுக் கட்ட இருந்த புதுக் குளியலறை கனவோடு சரி. குளிப்பதற்கு என்று சொல்லிவிட்டுத் தங்கை வீட்டுக்குப் போன அவர் மனைவி இன்னும் குளித்துக்கொண்டிருக்கிறாள்.

ஒக்தாய்க்குக் கல்யாணம் நடந்தது. மாடி எழும்பியது. மருமகள் தங்கமான பெண். கல்யாணத்துக்கு மறுநாள் வெஹ்பி மாடியில் ஏறி நின்று ஊரைப் பார்த்தார். கோட்டை தெரிந்தது, கடல் தெரிந்தது. அவர் பார்த்தது இரண்டையும் அல்ல. கீழே, கயிற்றுக்கு நடுவில், வெயிலில் பாலாய் மின்னிய அந்தக் கிணற்று விளிம்பை.

வயிறு எரிந்தது. இறங்கிப் போனார். சுக்ரு தன் வீட்டில் தனக்கென்று மிஞ்சியிருந்த மூலையில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"வாழ்த்துகள் அண்ணே" என்றார் சுக்ரு. "மாடி அருமையா வந்திருக்கு." சொல்லும்போது அந்தக் குரலிலும் ஏதோ எரிந்தது.

வெஹ்பி கயிற்றருகே போனார். "சுக்ரு, ஒரே ஒரு தடவை. தொட்டுப் பாத்துக்கட்டுமா?"

சுக்ரு நிமிர்ந்து உட்கார்ந்தார். கோழி போனது, கிணறு போனது, பெண்டாட்டியும் போனாள். முகத்தில் மட்டும் அப்போது ராஜகளை வந்தது.

"கயித்துக்கு அந்தப் பக்கம் நின்னு பாருங்கண்ணே. எல்லாரும் அப்படித்தான் பாக்கறாங்க."

வெஹ்பி நின்று பார்த்தார்.

இதைப் படிக்கும்போது உங்களுக்குத் தெரிந்த யாரோ ஒருவரின் முகம் நினைவுக்கு வந்திருக்கும், சிரித்திருப்பீர்கள். நல்லது. அவரிடமும் இதைப் படிக்கக் கொடுங்கள். படித்து முடித்ததும் யார் முகம் நினைவுக்கு வந்தது என்று கேளுங்கள். அவர் உங்களைப் பார்க்காமல் பேச்சை மாற்றினால், மேற்கொண்டு கேட்காதீர்கள்.