கானாங்கெளுத்திக்கு வளைகாப்பு

காரைக்காலில் மீன் விற்கத் தொடங்கிய நாள் முதல் இன்று வரை, முழு வஞ்சிரத்தை விலை பேசி வாங்கி, வயிற்றைக் கீறி இரண்டு விரல் நீளத்துக்கு எதையோ எடுத்துக்கொண்டு, மீனை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போன ஒரே மனிதர் எங்கள் குடல் டாக்டர்தான். பெயர் வைத்தது துறைமுகத்தில் மீன் விற்கும் கௌரி அக்கா. டாக்டர் எடுத்தது குடல் இல்லை, ஆண் மீனின் விதைப்பை. அதை அக்காவுக்கு யார் விளக்குவது? எனக்குத் தைரியம் இல்லை.

பெயர் பரவி, வரிச்சிக்குடியிலிருந்து ஒருவர் வயிற்றுவலியோடு எங்கள் ஆராய்ச்சிக்கூடத்துக்கே வந்துவிட்டார். அங்கே நான் ஸ்டோர் கீப்பர். இவர் மனுஷ டாக்டர் இல்லை என்று நான் சொல்வதற்குள், டாக்டர் அவரை உட்காரவைத்து வஞ்சிரத்தின் இனப்பெருக்கம் பற்றி அரை மணி நேரம் பேசினார்.

"வலி விட்டுப்போச்சுங்க" என்று எழுந்த ஆள், செருப்பை விட்டுவிட்டு ஓடினார்.

டாக்டரின் ஆராய்ச்சி இதுதான். வஞ்சிரத்தின் விதைப்பையில் ஸ்டெம் செல் இருக்கும். அடுத்த தலைமுறைக்கே அதுதான் மூலம். அதை எடுத்து, தொட்டியில் வளர்க்கச் சுலபமான கானாங்கெளுத்தியின் மயிரிழைப் பருமனுள்ள குஞ்சு வயிற்றுக்குள் ஊசியால் வைப்பார். அந்தக் குஞ்சுகள் வளர்ந்து குடும்பம் நடத்தினால், பிறக்கும் பிள்ளை வஞ்சிரமாக இருக்க வேண்டும். ஒரு தொட்டியில் செல் ஏற்றிய மீன்கள், பக்கத்துத் தொட்டியில் ஒப்பிட்டுப் பார்க்க ஏற்றாத மீன்கள்.

மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. அடுத்த மாதம் குழு வரும். அதற்குள் ஒரு வஞ்சிரக் குஞ்சாவது பிறக்காவிட்டால் தொட்டி அறைக்குப் பூட்டு. மீன்களோ வயிறு புடைத்துத் திரிந்தனவே தவிர, முட்டையிடுவதாக இல்லை. டாக்டருக்குப் புத்தி பேதலித்துப்போனது. ஒரு நாள் மீன் தீனியை இட்லிப் பொடி என்று தொட்டுக்கொண்டு நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு, "உப்பு கொறச்சல்" என்றார்.

துறைமுகத்துக்கு அவர் வராததால் கௌரி அக்காவே தேடி வந்துவிட்டார். தொட்டியை எட்டிப் பார்த்தார்.

"தலப்புள்ள. வளைகாப்பு போட்டீங்களா சார்?"

"மீனுக்கா?"

"பின்ன ஒங்களுக்கா? அதுங்களுக்குத் தாய் வீடு கடலு. அப்ப நாங்கதான தாய் வீட்டுக்காரங்க? நாங்க வந்து போடுறோம்."

அக்காவை வெளியே அனுப்பச் சொல்வார் என்று நான் காத்திருந்தேன். டாக்டர் நோட்டை எடுத்தார். "எத்தனை வளையல்?"

வெள்ளிக்கிழமை கௌரி அக்கா ஏழு பெண்களோடு வந்து இறங்கினார். எலுமிச்சம் சோறு, புளிச்சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச் சோறு. எந்தத் தொட்டிக்கு என்பதில்தான் சண்டை வந்தது.

"ரெண்டு தொட்டிக்கும் செய்யணும்மா. எல்லாம் சமமா இருக்கணும். இல்லேன்னா ஆராய்ச்சி செல்லாது."

"இதுல பாதி ஆம்பளைங்க சார்! ஆம்பளைக்கு வளைகாப்பு போட்டா ஊரு சிரிக்காது?"

"ஊரு சிரிக்கட்டும். ஆராய்ச்சி அழக்கூடாது."

தொட்டிக்கு இருபத்தொரு கண்ணாடி வளையல் நூலில் கட்டித் தொங்கவிடப்பட்டது. மீனுக்குச் சந்தனம் பூச முடியாததால் தொட்டிக் கண்ணாடிக்குப் பூசினார்கள். பக்கத்தில் நின்ற பாவத்துக்கு எனக்கும் பூசினார்கள். டாக்டர் ஸ்டாப் வாட்சைப் பிடித்துக்கொண்டு பாட்டை அளந்தார். நடுவில் கையைத் தூக்கி, "அங்க மூணு குலவை, இங்க ரெண்டுதான். இன்னொண்ணு போடுங்க" என்றார்.

மூன்றாம் நாள் காலை இரண்டு தொட்டியிலும் முட்டை. குஞ்சும் பொரித்தது. எது யார் பிள்ளை என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. பரிசோதிக்க வேண்டும், பரிசோதனைக்குப் போன குஞ்சு உயிரோடு திரும்பாது. செல் ஏற்றிய தொட்டியிலிருந்து இருபது குஞ்சுகளை எடுத்தார். பத்தொன்பது கானாங்கெளுத்தி. ஒன்று, ஒன்றே ஒன்று, வஞ்சிரம். வந்த குழு பரிசோதனை முடிவு எழுதிய காகிதத்தை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு இன்னும் இரண்டு வருஷம் கொடுத்துப் போனது. டாக்டர் என் ஸ்டோருக்குள் வந்து, காலி டப்பா மேல் உட்கார்ந்து, சின்னப் பிள்ளை போல அழுதார்.

மறுநாள் கௌரி அக்கா சர்க்கரைப் பொட்டலத்தோடு வந்தார், பிள்ளை பார்க்க.

"ஒண்ணே ஒண்ணு கண்ணே கண்ணுன்னு பொறந்திருக்காமே! எங்க சார், எங்க வஞ்சிரம்?"

அது பரிசோதனைக் குழாயில் கரைந்து மூன்று நாளாகிறது. தொட்டியில் இருந்த ஆயிரக்கணக்கான குஞ்சுகளில் வேறு வஞ்சிரம் உண்டா, இல்லையா, யாருக்கும் தெரியாது. நான் மின்விசிறியைப் பார்த்தேன். டாக்டர் தொட்டியருகே போய், குண்டூசி நீளத்தில் நீந்திக்கொண்டிருந்த ஏதோ ஒன்றை விரலால் காட்டினார்.

"இதோ. இதுதாம்மா."

"மூக்கும் முழியுமா இருக்கு சார்!" அக்கா திருஷ்டி கழித்து நெட்டி முறித்தார்.

அவர் போனபின் கேட்டேன். "சார், அது வஞ்சிரம்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"தெரியாதுய்யா" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

டாக்டர் இப்போது வேறு ஊரில் பெரிய பதவியில் இருக்கிறார். அவர் எழுதிய கட்டுரைகள் எதுவும் எனக்குப் புரியாது. ஆதாரமே இல்லாமல் அக்காவிடம் அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் எனக்கு அவர் மேல் அத்தனை பிரியம்.