பல்லால் செய்த பீங்கான் சோதனை

ஒரு விஷயத்தைப் பற்றி நான்கு வீடியோ பார்த்துவிட்டால் போதும், அதில் நான் நிபுணனாகிவிடுவேன். இந்த வியாதி வேலூருக்குப் பெண் பார்க்கப் போன அன்றுதான் ஓரளவு அடங்கியது.

அப்போது ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் எனக்குத் தரம் பார்க்கும் வேலை. நாள் முழுக்கத் தோலைத் தட்டி, வளைத்து, முகர்ந்து பார்ப்பதால் வெளியிலும் கை சும்மா இருக்காது. "பையன் ஒரு இடத்துல உக்கார மாட்டேங்கறான்" என்று ஏற்கெனவே இரண்டு வீட்டில் வேண்டாம் என்றுவிட்டார்கள். (ஒரு வீட்டில் சோபாவின் தையலை இழுத்துப் பார்த்தேன். மோசமான தையல்தான்.) இதுவும் போனால் இனி பெண் தேடப் போவதில்லை என்று அம்மா சொல்லியிருந்தார்.

பெண்ணின் பெயர் ரேவதி, பொம்மை சேகரிப்பவர். பஸ்ஸில் தரகர் இதைச் சொன்னதும், வேலூர் போய்ச் சேர்வதற்குள் நான்கு வீடியோ பார்த்து முடித்தேன். பீங்கான் தொட்டால் குளிரும், விழுந்தால் தூள். ரெசின் பிளாஸ்டிக் மாதிரி, குளிராது, விழுந்தாலும் தாங்கும். ஆனால் வெயில் பட்டால் மஞ்சளாகிவிடும்.

காபி முடிந்ததும் எங்கள் இருவரையும் பேசச் சொல்லி உள்ளறைக்கு அனுப்பினார்கள். கண்ணாடி அலமாரி நிறையப் பொம்மைகள். என் விரல்கள் துடித்தன. என்ன படித்திருக்கிறீர்கள் என்றுகூடக் கேட்காமல் பீங்கான், ரெசின் என்று பிரசங்கத்தை ஆரம்பித்தேன்.

ரேவதி பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு நடனப் பொம்மையை என் கையில் கொடுத்தார். "அப்போ இது இன்னான்னு சொல்லுங்க."

குளிர்ந்தது. கனமாகவும் இருந்தது. "பீங்கான்!"

"நிச்சயமா?"

அந்த ஒரு சொல்லில் ஆடிப்போனேன். பல்லில் தட்டினால் பீங்கான் 'டிங்' என்னும், ரெசின் 'டொக்' என்னும் என்று நான்காவது வீடியோவில் சொல்லியிருந்தார்கள். பொம்மையின் தலையை என் முன்பல்லில் தட்டினேன். டிங்!

"கேட்டீங்களா? அசல் பீங்கான்!" என்று மறுபடி தட்டும்போது திரையை விலக்கிக்கொண்டு அவர் அப்பா உள்ளே வந்தார். மாப்பிள்ளையின் வாயில் பொம்மைத் தலை.

"தம்பி... இன்னா பண்றீங்க?"

பதறித் திரும்பினேன். பொம்மை பல்லில் மோதி, கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. ஏதோ உடைந்த சத்தம்.

"ஐயோ, உடைச்சிட்டேனே!"

ரேவதி பொம்மையை எடுத்துத் துடைத்தார். ஒரு கீறல்கூட இல்லை. "இது ரெசின்தாங்க. கல்பொடி ஜாஸ்தி கலந்திருக்கு, அதான் குளிருது." பிறகு தரையிலிருந்து ஒரு வெள்ளைச் சில்லைப் பொறுக்கினார். "இதுதான் பீங்கான். எங்கேர்ந்து விழுந்துச்சுன்னுதான் தெரியல."

நாக்கால் துழாவினேன். கல்லூரியில் படிக்கும்போது பைக்கிலிருந்து விழுந்து உடைந்த முன்பல்லுக்குப் பல் டாக்டர் மாட்டிய பீங்கான் தொப்பியில் பாதியைக் காணோம். 'டிங்' என்றது பொம்மையில்லை, நான்.

வாயைப் பொத்திக்கொண்டு ஹாலுக்கு வந்தேன். "இன்னாடா, புடிச்சிருக்கா?" என்றார் அம்மா.

"புடிஷ்ஷிருக்கு" என்றேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அடுத்த மூன்று நாள் கம்பெனியில் நான் உட்காரவேயில்லை. போன் அடித்தபோதெல்லாம் குதித்தேன். நான்காம் நாள் ரேவதியே பேசினார். "அப்பா யோசிக்கறார். எனக்கு சம்மதம். அந்த ஒரு பொம்மையை உடைச்சிட்டோம்னு நெனச்சு நீங்க பதறுனது எனக்குப் புடிச்சிருந்துச்சு. ஆனா அலமாரி சாவி என்கிட்டதான் இருக்கும்."

கல்யாணமாகிச் சில வருடங்கள் ஆகிவிட்டன. சாவி இன்னும் அவரிடம்தான். அலமாரியில் பீங்கான் பொம்மைகள் இருக்கும் தட்டில், ஒரு சின்னக் கண்ணாடி டப்பாவில், பஞ்சுமேல் அந்தச் சில்லு இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் இது என்ன என்று கேட்பார்கள்.

"எங்க வீட்டுக்காரரோட கலெக்‌ஷன்" என்பார் ரேவதி. "அசல் பீங்கான். அவரே தட்டிப் பாத்தாரு."