பனிக்கு வேலி அடைத்தவர்

மொன்றியலில் குளிரைப் பற்றிப் புலம்பாத ஒரே தமிழர் வேலியர்தான். புலம்ப அவருக்கு நேரம் இருக்கவில்லை. விழுந்த பனி எந்தக் காணிக்குச் சொந்தம் என்று அளந்துகொண்டிருந்தார்.

பிள்ளைகளே, உங்களை இங்கே கூப்பிடுவதற்கு முன், அப்பா நான் ஒரு குளிர்காலம் முழுவதும் இல்-பிசார் தீவில் ஒரு பெரிய வீட்டு வளவைப் பார்த்துக்கொண்டேன். கேற்றில் இருந்து வாசலுக்கு நடந்து போவதற்குள் மூக்கு மரத்துவிடும், அவ்வளவு பெரிய வளவு. வீட்டுக்காரி ஒரு வயதான அம்மா. மதாம் என்றுதான் கூப்பிடுவோம். முதல் பனி விழுந்ததும் புளோரிடாவுக்குப் போய்விடுவார். பனி கரையும் வரைக்கும் வீடு எங்கள் பொறுப்பு. நிலவறையில் எண்ணெய் அடுப்பு ஒன்று எரிந்துகொண்டே இருக்க வேண்டும். அது நின்றால் தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடிக்கும், வீடு நாசம்.

போகும்போது மதாம் என்னிடம் சொன்னார்: "நான் திரும்பி வரும்போது வீடு குறையில்லாமல் இருந்தால், உனக்கு நிரந்தர வேலை என்று கடிதம் தருவேன்." உங்கள் மூன்று பேரையும் அம்மாவையும் கூப்பிடும் விண்ணப்பத்தில் அந்தக் கடிதத்துக்கு மட்டும்தான் இடம் காலியாக இருந்தது. அந்தக் குளிர்காலத்தில் எனக்கு வேறு யோசனையே இல்லை.

ஆனால் அந்த வளவு வேலையில் எனக்கு மேலாளாக வேலியர் இருந்தார்.

அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. ஊரில் ஒரு முழ வேலிக்காகச் சொந்தத் தம்பியோடு பதினொரு வருடம் வழக்காடியவர் என்று கேள்வி. தீர்ப்பு வருவதற்குள் யுத்தம் வந்து வேலி, வீடு, கோடு எல்லாவற்றையும் கொண்டுபோய்விட்டது. அந்த வழக்கின் மிச்சம் முழுவதையும் மனுஷன் கனடாவுக்குக் காவிக்கொண்டு வந்திருந்தார்.

நவம்பரில், குளிரில் கருகாமல் இருக்க, சீடர் மரங்களுக்குச் சாக்குச் சுற்ற வேண்டும். அரை நாள் வேலை. எங்களுக்கு மூன்று நாள் எடுத்தது. முடிச்செல்லாம் ஒரே பக்கம் பார்க்க வேண்டும் என்று வேலியர் கட்டியதை அவிழ்க்கச் சொன்னார்.

"அண்ணை, மரத்துக்கு முடிச்சு எங்க இருந்தா என்ன?"

"றோட்டால போறவை பாத்தா என்ன நினைப்பினம் தம்பி?"

அந்த றோட்டால் போனது கிழமைக்கு ஒரு தரம் வரும் குப்பை லொறி மட்டும்தான்.

அடுத்த வளவைப் பார்த்துக்கொண்டவர் ரேஜோன் என்ற, பிரெஞ்சு பேசும் கெபெக் கிழவர். நல்ல மனுஷன். அவரிடம் பனி ஊதும் மெஷின் பூட்டிய ட்ராக்டர் ஒன்று இருந்தது. ஊதிய பனியில் கொஞ்சம் காற்றோடு எங்கள் பக்கம் வந்து விழுந்தது. வேலியர் அதைப் பார்த்துக்கொண்டு பனி அள்ளும் சவளும் கையுமாக அப்படியே நின்றார்.

"எங்கட காணிக்குள்ள கொட்டுறான்."

"காத்து அண்ணை. ஏப்ரலில கரைஞ்சு போயிடும்."

"பனி கரையும். பழக்கம் கரையாது. இண்டைக்குப் பனி கொட்டுவான். நாளைக்கு நடக்க வழி கேப்பான். பேந்து கிணத்தில பங்கு கேப்பான்."

"இங்க கிணறே இல்லை அண்ணை."

"வெட்டினாப் பிறகு தெரியும்."

அன்றைக்கு இரண்டு மணித்தியாலம் செலவழித்து அந்தப் பனியை ரேஜோன் பக்கம் அள்ளிப் போட்டார். மறுநாள் ரேஜோன் வந்து, இது எங்கே இருந்து வந்தது என்று தலையைச் சொறிந்துவிட்டு, திரும்ப ஊதினார். அது திரும்ப எங்கள் பக்கம் வந்தது. டிசம்பர் முழுவதும் ஒரே பனியை இந்த இரண்டு பேரும் மாறி மாறி அள்ளினார்கள். ரேஜோன் "போன்ஜூர்" என்று கை காட்டுவார். வேலியர் வானத்தைப் பார்ப்பார். கூரைப் பனி, வாசல் படி, விறகு எல்லாம் என் தலையில்.

புது வருடம் பிறந்ததும் அவர் வேலி அடைக்கத் தொடங்கினார். நூல் பிடித்து, பனியை அடுக்கி, மிதித்து, மேலே வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி உறைய விட்டார். ஒரு கிழமையில் எல்லை நீளத்துக்கும் ஆள் உயரத்தில் ஐஸ் மதில். எனக்குக் கோபம் தாங்கவில்லை. ஆனாலும் சொல்ல வேண்டும், அவ்வளவு நேரான மதிலை நான் ஊரிலும் பார்த்ததில்லை.

அது பள்ளமான பக்கம் என்பதை நாங்கள் இரண்டு பேரும் யோசிக்கவில்லை. ஜனவரி நடுவில் திடீரென்று இரண்டு நாள் மழை பெய்தது. வழக்கமாக ரேஜோன் பக்கத்தால் ஆற்றுக்கு ஓடும் தண்ணீரை மதில் மறித்தது. வீட்டுப் பாதை குளமாகியது. மூன்றாம் நாள் குளிர் திரும்பி வந்தது, குளம் கண்ணாடியாகியது.

அதே நாள்தான் எண்ணெய் லொறி வந்தது. எங்கள் எண்ணெய்த் தாங்கியின் அளவு முள் அடியில் படுத்திருந்தது. லொறி கேற்றைத் தாண்டியதும் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு திரும்ப றோட்டுக்கே போனது. சாரதி இறங்கிப் பாதையைப் பார்த்தான்.

"இதில் நான் ஏற மாட்டேன். அடுத்த முறை இந்தப் பக்கம் வர நாலு நாளாகும்."

நாலு நாள். இருந்த எண்ணெய் ஒரு நாளே தாங்காது. ஐஸைக் கரைக்கப் போடும் உப்பும் அந்தக் குளிரில் வேலை செய்யவில்லை, கொட்டியது அப்படியே கிடந்தது.

ரேஜோன் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "என் பாதையால் வரட்டும். எண்ணெய் ஊற்றும் வாய் வீட்டின் இந்தப் பக்கச் சுவரில்தானே இருக்கிறது? குழாய் எட்டும்."

சாரதி மதிலைப் பார்த்தான். "குழாய் எட்டும். ஆனால் நான் மதில் ஏறிக் குதிக்க மாட்டேன். கால் மணித்தியாலம் நிற்பேன், அதற்குப் பிறகு போய்விடுவேன்."

அவர்கள் பிரெஞ்சில் சொன்னதை நான் வேலியருக்குத் தமிழில் சொன்னேன். அவர் அசையவில்லை.

"அவன்ரை பாதையாலயோ? பிறகு அதைச் சாட்டி எங்கட காணியில அவன் உரிமை கொண்டாடினா?"

அதுவரை அடக்கி வைத்திருந்தது எல்லாம் எனக்கு வாயில் வந்துவிட்டது. "அண்ணை, உங்களுக்கு வேலி. எனக்குப் பிள்ளையள். அடுப்பு நிண்டா வீடு போச்சு, வீடு போனா கடிதம் போச்சு. பிறகு அதுகள் இங்க வந்த மாதிரித்தான். நீங்கள் உந்த மதிலைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ."

அவர் கராஜுக்குள் போனார். வேலையை விட்டுப் போகிறாராக்கும் என்று நினைத்தேன். கடப்பாரை மாதிரி நீண்ட அலவாங்கோடு வந்தார். மதிலில் ஓங்கிக் குத்தினார்.

"மூத்தவளுக்கு என்ன வயசு?"

"ஒம்பது."

இன்னொரு குத்து. "அடுத்தது?"

"பெடியன். ஏழு."

"கடைசி?"

"நாலு அண்ணை. நீங்கள் தள்ளுங்கோ, நான் குத்துறன்."

"நீர் விடும் தம்பி. நான் கட்டினது, எங்க உடையும் எண்டு எனக்குத்தான் தெரியும்."

ஊரில் வேலியின் நடுவே ஆளோ நாயோ நுழைந்து போக ஒரு ஓட்டை இருக்கும், அதைப் பொட்டு என்போம். பன்னிரண்டு நிமிடத்தில் அப்படி ஒரு பொட்டு விழுந்தது. லொறியை ரேஜோனின் பாதைக்கு எடுத்திருந்த சாரதி, திட்டிக்கொண்டே குழாயை இழுத்துக்கொண்டு அதற்குள்ளால் நுழைந்தான். பின்னால் ரேஜோனும் வந்தார். வேலியர் வானத்தைப் பார்த்தார், நிலத்தைப் பார்த்தார், கடைசியில் அவரைப் பார்த்து, "போன்ஜூர்" என்றார். பிறகு ரேஜோனையே நூலின் மற்றத் தலைப்பைப் பிடிக்க வைத்துப் பொட்டை அளந்தார்.

"ரெண்டடி. இதுக்கு மேல ஒரு விரலும் விட மாட்டன் எண்டு அந்தாளுக்குச் சொல்லும் தம்பி."

பனி கரைந்தபோது மதாம் வந்தார். வீடு சூடாக இருந்தது. கடிதம் தந்தார்.

நீங்கள் விமானத்தில் வந்ததாகத்தான் எல்லோரிடமும் சொல்கிறீர்கள். சொல்லுங்கள். ஆனால் வேலியர் வீட்டுக்கு வந்தால் எழுந்து நின்று தேத்தண்ணி கொடுங்கள். நீங்கள் நுழைந்த பொட்டை வெட்டிய மனுஷன் அவர்.