சாக்ஸில் செய்த அப்பா

போயானா,
டிசம்பர், திங்கட்கிழமை காலை.

மதிப்பிற்குரிய மூத்த சகோதரி சவேத்தா அவர்களுக்கு, தம்பி காவ்ரில் பணிவுடன் எழுதிக்கொள்வது. தேவமாதாவின் தயவில் இங்கே நானும் குழந்தை ஸ்மராந்தாவும் பசுமாடும் சுகம். அங்கே க்ளூஜில் நீயும் அத்தானும் சுகமாக இருக்கவும், இந்தக் குளிரில் அத்தானுடைய முழங்கால் அவரைப் படுத்தாமல் இருக்கவும் ஞாயிறுதோறும் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன். போனில் சொல்லாமல் இவன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். போனில் சொன்னால் நீ பாதியிலேயே சிரித்துவிடுவாய், எனக்குச் சொல்ல வந்தது மறந்துவிடும். பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். நாளைக்கே உன் கைக்கு வந்துவிடும்.

விஷயம் இதுதான். ஜனவரியில் ஸ்மராந்தாவை உன் வீட்டில் விட்டு, அங்கே பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம் என்று பேசி வைத்தோமே, ஜனவரி வரைக்கும் வேண்டாம் அக்கா. இந்தச் சனிக்கிழமையே வந்து கூட்டிக்கொண்டு போய்விடு. போன வருஷம் டோரினா என்னையும் குழந்தையையும் விட்டுவிட்டு இத்தாலிக்கு வேலைக்குப் போனதிலிருந்து குழந்தை பள்ளிக்கூடத்தில் வாயே திறப்பதில்லை என்பது உனக்குத் தெரியும். கேட்டால் தலையாட்டுவாள், இல்லாவிட்டால் தோளைக் குலுக்குவாள். வீட்டிலும் ‘ம்’, ‘ஊஹூம்’, அவ்வளவுதான். போனில் அம்மா குரல் கேட்டால் எழுந்து மாட்டுக் கொட்டகைக்குப் போய்விடுவாள். உங்கள் டவுனில் இதற்கென்றே ஒரு டாக்டரம்மா இருக்கிறார் என்று நீ சொன்னாய். இங்கே இருப்பவரோ லவீனியா டீச்சர்.

இந்த டீச்சர் செப்டம்பரில் வந்தார். நம் பள்ளிக்கூடத்தில் நாலு வகுப்புக்கும் சேர்த்து ஒரே அறை, பதினோரு பிள்ளைகள். வந்த வாரமே பின் பெஞ்சுகளைத் தூக்கி வராந்தாவில் போட்டுவிட்டு, ஒரு தச்சு மேஜையைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். கையால் செய்து பார்த்தால்தான் பாடம் மனதில் நிற்குமாம். ஸ்மராந்தா கட்டைவிரல் நகம் கருநீலமாக வீடு திரும்பினாள். நான் மரம் அறுக்கும் மில்லில் வேலை பார்ப்பவன். எங்கள் மில்லில் பத்து விரலும் உள்ளவர்கள் நானும் கணக்கு எழுதுகிறவரும்தான், அதுவும் அவர் மரத்தைத் தொடுவதே இல்லை. என் பயம் எனக்கு. நேரே போய் டீச்சரைக் கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “நீங்க சொல்றது சரிதான். எப்படிப் பிடிக்கணும்னு காட்டுங்களேன்” என்று சுத்தியலை என் கையில் கொடுத்தார். சண்டை போடப் போனவன் மத்தியானம்வரை பாடம் எடுத்துவிட்டு வந்தேன்.

அப்புறம் முட்டைக்கோஸ். எத்தனை கிலோவுக்கு எவ்வளவு உப்பு என்று கணக்குப் போட்டு, பிள்ளைகளே நறுக்கி, ஒரு பீப்பாய் நிறைய ஊறுகாய் போட்டார்கள். பீப்பாய்க்குக் குளிரக்கூடாது என்று யாரோ ஒரு பிள்ளை இரக்கப்பட்டு அதை அடுப்புப் பக்கம் நகர்த்தி வைத்திருக்கிறது. பாதிரியார் இக்னாத் அறையைத் தீர்த்தம் தெளித்து ஆசீர்வதிக்க வந்த நேரம் பார்த்து அது சூட்டில் புளித்துப் பொங்கி, மூடி தெறித்து, அவர் தெளித்ததைவிட அதிகமாக அவர்மேல் தெளித்துவிட்டது. எல்லாரும் பயந்துபோய் நின்றால், அவர் தாடியை வழித்து வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, “உப்பு சரியா இருக்கு, எனக்கு ஒரு ஜாடி எடுத்து வைங்க” என்கிறார். இப்படிப்பட்ட ஊரில் நான் யாரிடம் போய்ப் புகார் சொல்வது?

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கிட்டேன் அக்கா. போன மாசம் பொம்மலாட்டம்னு ஆரம்பிச்சாங்க பாரு, அதுலதான் எனக்குத் தூக்கம் போச்சு. வீட்டுல ஒருத்தர ஒரு வாரம் நல்லா கவனிச்சுப் பாத்து, அவங்க மாதிரியே ஒரு பொம்மை செய்யணுமாம். இந்த விஷயம் அப்போ எனக்குத் தெரியாது. எங்க திரும்பினாலும் ஸ்மராந்தா என்னையே பாத்துக்கிட்டு நிக்கறா. பால் கறந்தா பாக்கறா, ஷேவ் பண்ணினா பாக்கறா. காய்ச்சலோன்னு நெத்தியத் தொட்டுப் பாத்தேன். இல்ல. எனக்குத்தான் ஏதோ வியாதி, அது முகத்துல தெரியுது, இவளுக்குச் சொல்லத் தெரியலன்னு நானே முடிவு பண்ணி, கண்ணாடி முன்னாடி நின்னு நாக்க நீட்டிப் பாத்தேன். அதையும் வாசப்படியில நின்னு பாத்தா. அந்த வாரம் என் சாம்பல் நிறச் சாக்ஸ்ல ஒண்ணு வேற காணாமப் போச்சு.

பத்து நாள் முன்னாடி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊர் மண்டபத்துல நாடகம். ஊரே வந்திருந்துச்சு. ஊருக்குள்ள ஒரு ஓநாய் வருது, ஒவ்வொரு வீட்டுலயும் என்ன பண்றாங்க, அதான் கதை. ஸ்மராந்தா பொம்மைய மட்டும் ஆட்டுவா, பேச்ச வேற பிள்ளை பேசும்னு டீச்சர் எங்கிட்ட சொல்லியிருந்தாங்க. திரை விலகினா என் சாக்ஸ். அதுக்குப் பெரிய காது, துடைப்பக் குச்சியில மீசை. யார்னு யாரும் கேக்கவேண்டிய அவசியமே இல்ல. எல்லாரும் திரும்பி என்னப் பாத்தாங்க. அப்போ அது பேச ஆரம்பிச்சுது.

“கேஸ் மூடியாச்சா? நீ மூடிட்டே, எனக்குத் தெரியும். இருந்தாலும் நான் போய் ஒரு தடவ பாத்துட்டு வந்துடறேன்.”

என் குரல் அக்கா. அந்த இழுப்பு, நடுவுல அந்தச் செருமல், எல்லாம் நானேதான். வேற பிள்ளை இல்ல, ஸ்மராந்தா. மண்டபமே சிரிக்குது. ஓநாய் வந்து, “என்னப் பாத்தா உனக்குப் பயமா இல்லியா?”ன்னு கேக்குது. சாக்ஸ் சொல்லுது: “பயம்தான். இரு, கதவப் பூட்டிட்டு வந்து பயப்படறேன்.” மில்லுல எங்கூட வேலை பாக்கற பம்ஃபில் சிரிச்சுச் சிரிச்சு நாற்காலியோட சாஞ்சுட்டான்.

அப்புறம் சாக்ஸ் போன எடுத்துச்சு. “டோரினா, இங்க எல்லாம் நல்லா இருக்கு. குழந்தை நல்லா சாப்பிடறா, பள்ளிக்கூடத்துல நல்லா பேசறா. நீ ஒண்ணும் கவலப்படாத.” போன வெச்சுது. வெச்சுட்டு, விறகு அடுக்குமேல போய் உக்காந்து, தலையக் குனிஞ்சுக்கிச்சு.

நான் அங்க போய் உக்காரறது யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சிருந்தேன். நான் எழுந்து வெளிய வந்துட்டேன். எங்க போறதுன்னு தெரியல, கேஸ் ஞாபகம் வந்துச்சு, வீட்டுக்குப் போய்ப் பாத்தேன். மூடித்தான் இருந்துச்சு.

டீச்சர் பின்னாடியே மூச்சு வாங்க ஓடி வந்தாங்க. “அண்ணே, பேசினாளே, கேட்டீங்களா?”ன்னாங்க.

“என் குரல்லதானே டீச்சர் பேசினா.”

“யார் குரலா இருந்தா என்ன, வாய் அவளோடது.”

சொல்லிட்டுப் போயிட்டாங்க. அவங்களுக்கென்ன, நாளைக்கு வேற ஏதாவது செய்வாங்க. இங்க அன்னியிலேர்ந்து சாக்ஸ் ஸ்மராந்தா கையவிட்டு இறங்கல. எதுவானாலும் அதுதான் பேசுது, என் குரல்லயே பேசுது. களிய எடுத்து வெச்சு நான் வாயத் திறக்கறதுக்குள்ள, “ஆறிப்போகுது, சாப்பிடு”ன்னு சாக்ஸ் எனக்குச் சொல்லுது. வெளிய கிளம்பினா, “மப்ளர் எங்க?”ன்னு கேக்குது. ஒரு காவ்ரிலையே தாங்காத வீட்டுல இப்போ ரெண்டு காவ்ரில். இந்தப் பொண்ணு காலம்பூரா சாக்ஸ மாட்டிக்கிட்டுத்தான் பேசுவாளா? கல்யாணத்துல பாதிரியார் சம்மதமான்னு கேட்டா என் மீசை பதில் சொல்லுமா? மில்லுல கேக்கவே வேண்டாம், பம்ஃபில் தினம் மெஷின நிறுத்திட்டு, “கதவப் பூட்டிட்டியா?”ங்கறான்.

ஆகவே அக்கா, சனிக்கிழமை தவறாமல் வரவும். குழந்தையின் துணிகளை மடித்து வைத்துவிட்டேன். சாக்ஸை அனுப்புவதா வேண்டாமா என்பதை டாக்டரம்மாவிடம் கேட்டுச் சொல்லவும். அத்தானுக்கு என் வணக்கம். மலைப்பாதையில் பனி, மெதுவாக ஓட்டச் சொல்லவும். உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளும், வற்றாத விறகும், நல்ல தூக்கமும் கிடைக்கக் கடவுளை வேண்டும்,

உன் தம்பி,
காவ்ரில்.

பின்குறிப்பு: சனிக்கிழமை வர வேண்டாம். கடித உறைய ஒட்டப் போறேன், டோரினா போன் பண்றா. யாரோ அந்த நாடகத்த வீடியோ எடுத்து அவளுக்கு அனுப்பியிருக்காங்க. “எல்லாம் நல்லா இருக்குன்னு சொன்னியே காவ்ரில்”னு கேட்டா. எனக்குச் செருமல்தான் வந்துச்சு. சாக்ஸத் துவைச்சு அடுப்புக் கம்பியில காயப்போட்டிருந்தேன். ஸ்மராந்தா வந்து வெறுங்கையால போன எங்கிட்டேர்ந்து வாங்கி, சொந்தக் குரல்ல, “அம்மா, அப்பா பொய் சொல்றாரு. இங்க ஒண்ணும் நல்லா இல்ல. நீ எப்போ வர்றே?”ன்னு கேட்டா. அந்தப் பக்கம் டோரினா என்ன சொன்னான்னு எனக்குக் கேக்கல. கேட்டுட்டு இவ தரையில உக்காந்து பேச ஆரம்பிச்சா. பள்ளிக்கூடம், பசுமாடு, பாதிரியாரோட தாடி, போன வருஷத்துலேர்ந்து ஒண்ணு விடாம சொல்லிக்கிட்டிருக்கா. அடுப்புல பால் பொங்கி வழியுது, போய் எடுன்னு சொல்ல எனக்கு ஒரு இடைவெளி கிடைக்கல. பஸ் வேற வந்து நிக்குது. இவ எப்போ நிறுத்துவாளோன்னு இப்போ அதான் எனக்குக் கவலையா இருக்கு.