தாய்மாமனும் டப்பாக் கடலையும்

வயிறு சரியில்லாதவன் விசேஷ வீட்டுக்குப் போகக்கூடாது. போயே தீரவேண்டுமென்றால், தாய்மாமனாகப் போகக்கூடாது. நான் போனேன்.

தங்கை மகள் பவித்ராவுக்கு ஒட்டன்சத்திரத்தில் ஒரு இடம் பேசியிருந்தோம். பையன் பெயர் பிரபு. அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பாக்கி இருந்தது மாப்பிள்ளை வீட்டில் கை நனைப்பது மட்டும்தான். எங்கள் பக்கம் சம்பந்தம் பிடிக்கவில்லை என்றால் அந்த வீட்டில் காபிகூடக் குடிக்காமல் எழுந்துவிடுவோம். பிடித்தால் உட்கார்ந்து சாப்பிடுவோம். முதல் கை தாய்மாமன் கை.

அந்தத் தாய்மாமனுக்குத்தான் அப்போது பத்தியம். டாக்டர் என் வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு வெங்காயம், பூண்டு, கோதுமை, பால், பருப்பு எல்லாவற்றையும் கொஞ்ச நாளைக்கு நிறுத்தச் சொன்னார். பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒத்துக்கொள்ளாதது எது என்று கண்டுபிடிக்க வேண்டுமாம். (திண்டுக்கல்லில் வெங்காயம் பூண்டு இல்லாமல் கிடைப்பது குடிதண்ணீர் மட்டும்தான்.) வீட்டில் வேகவைத்த கொண்டைக்கடலை ஆகாது, டப்பாவில் வரும் கடலையைக் கழுவி ஒரு கைப்பிடி தின்னலாம் என்றார். ஏன் என்றும் விளக்கினார். தலையாட்டினேன், ஒன்றும் விளங்கவில்லை. டப்பாவில் வேறு என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று படித்துப் பார்க்காமல் மட்டும் தின்னாதீர்கள் என்றார். அது நன்றாக விளங்கிவிட்டது. அன்றிலிருந்து சூப்பர் மார்க்கெட்டில் டப்பாவும் கையுமாக நிற்பதே என் பிழைப்பாயிற்று.

ஆகவே ஒட்டன்சத்திரத்துக்கும் ஒரு டப்பா கொண்டுபோனேன். வெறுஞ்சோற்றில் நாலு கடலையைத் தூவிக் கை நனைத்துவிடலாம் என்பது திட்டம்.

இலை போட்டார்கள். சோறு, கறிக்குழம்பு, வெஞ்சனம் எல்லாம் வந்தாயிற்று. எல்லோரும் என் கையையே பார்க்கிறார்கள். நான் பையிலிருந்து டப்பாவை எடுத்து, பொடி எழுத்தைப் படிக்க ஆரம்பித்தேன். சேர்த்த சரக்கையெல்லாம் நம்பராகப் போட்டிருந்தார்கள். 330 எனக்குப் பழக்கமான நம்பர். அதற்குப் பக்கத்தில் 385 என்று ஒன்று. இது யார்? போனில் தேடினேன். ஒரு டிராக்டர் வந்தது. மறுபடி தேடினேன். அதே டிராக்டர், விலையோடு.

(வெறுஞ்சோற்றில் ஒரு வாய் அள்ளிப் போட்டிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். இது எனக்குத் தோன்றியது மறுநாள்.)

பிரபுவின் அப்பா குனிந்து என் போனைப் பார்த்தார். டிராக்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க, ஏதாச்சும் குறையுங்களா?"

"குறையெல்லாம் இல்லைங்க. என்ன சேத்திருக்குன்னு சோதிக்காம நான் எதையும் வாயில வைக்கிறதில்ல."

"எங்கூட்டுச் சோத்தையுமுங்களா?"

அந்த நேரத்தில் ஒரு பொய் சொல்லத் தெரியவில்லை பாருங்கள். "ஆமாங்க," என்றேன்.

ரசம் ஊற்ற வந்த பிரபுவின் அம்மா வாளியோடு உள்ளே திரும்பிப் போனார். எங்கள் ஆட்களே இலையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்கள். தாய்மாமனே வேண்டாம் என்கிறான், என்னவோ ஏதோ என்று அவர்களுக்குள் முணுமுணுப்பு. டிராக்டரின் மேல் பவித்ராவின் செய்தி வந்து விழுந்தது: மாமா, கை நனைச்சாச்சா?

பக்கத்து இலையிலிருந்து தங்கை, உதடு அசையாமல் சொன்னாள்: "அண்ணே, எம்புள்ள வாழ்க்கைண்ணே."

டப்பாவை ஓரமாக உருட்டிவிட்டு அள்ள ஆரம்பித்தேன். முழுப் பூண்டு மிதந்த குழம்பு, வெங்காயப் பச்சடி, பருப்பு, பாயாசம். பயத்தில் குழம்பு இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கினேன். பிரபுவின் அப்பா ஒவ்வொரு கவளத்தையும் கண்காணித்தார்.

தாம்பூலம் மாற்றும்போது நான் கூடத்தில் இல்லை. கொல்லையில் பாத்ரூமுக்குள் இருந்தேன். நெடுநேரம் இருந்தேன். வெளியே பிரபு சீரகத் தண்ணீரோடு நின்றிருக்கிறான். "மாமா, உள்ள தண்ணி வருதுங்களா?" என்று கேட்டான். அவன் என்னை மாமா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. பையன் தங்கம் என்று உள்ளே இருந்தபடியே முடிவு செய்தேன்.

எல்லாவற்றையும் ஒரே இலையில் தின்றுவிட்டதால், ஒத்துக்கொள்ளாதது எது என்று இன்றுவரை எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. 385 கடலையின் நிறம் மாறாமலிருக்கப் போடுவதாம், அதனால் உங்கள் வயிற்றுக்கு ஒன்றுமில்லை மாமா என்று பவித்ரா பிறகு பார்த்துச் சொன்னாள்.

கல்யாணம் நன்றாகவே நடந்தது. சம்பந்திக்கும் என்மேல் கோபம் இல்லை. ஆனால் அந்த வீட்டில் எந்த விசேஷமானாலும் என்னைத் தன் பக்கத்து இலையில்தான் உட்கார வைக்கிறார். தன் இலையிலிருந்து ஒரு வாய் போட்டுக்கொண்டு, கண்ணை மூடிச் செத்த நேரம் அசையாமல் இருப்பார். பந்தியே காத்திருக்கும். பிறகு வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டு, கடைசி இலைவரை கேட்கிற மாதிரி சொல்வார்:

"எனக்கு ஒண்ணும் ஆகலீங்க. இனி நீங்க கை நனைக்கலாமுங்க."